29 பேர் வெளியேறிய சுரங்கம்: பெர்லின், 1962 – ஒரு நிகழ்வு ஆய்வு

இளையோர் நாவல்களில் ஒரு வகை உண்டு. மதில் சூழ்ந்த ஒரு நகரம், எங்கும் காவலர்கள், யாரை நம்புவது என்று தெரியாத சூழல், தப்பிக்கத் துடிக்கும் பதினேழு வயதுப் பெண். நூலகத்தில் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தக் கதைகளைப் படிக்கிறவன் நான். கடைசிப் பக்கம் முடிந்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: “இதெல்லாம் நிஜத்தில் நடக்குமா சார்?” நடந்திருக்கிறது என்று பதில் சொல்லி, பெர்லின் கதையைச் சொல்வேன். வாயால் சொல்லிச் சொல்லிப் பல இடங்களில் அது தேய்ந்துபோனது. அதனால் உட்கார்ந்து ஒழுங்காக எழுதிவிட்டேன்.

ஆட்களின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். யார் என்ன வேலை செய்தார், எந்த முடிவை ஏன் எடுத்தார் என்பதே இங்கே தேவை.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெர்லின் நகரம் நான்காகப் பிரிந்தது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் வசம் இருந்த மூன்று பகுதிகளும் சேர்ந்து மேற்கு பெர்லின். சோவியத் பகுதி கிழக்கு பெர்லின். நகரமோ கிழக்கு ஜெர்மனியின் நடுவில் கிடந்தது. 1949-இலிருந்து 1961-க்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கிழக்கு ஜெர்மனியை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் படித்தவர்களும் இளைஞர்களும் நிறையப் பேர். ஒரு ரயில் டிக்கெட் எடுத்து மேற்கு பெர்லினில் இறங்கினால் போதும், வெளியேறியாயிற்று.

1961 ஜூன் 15 அன்று செய்தியாளர் சந்திப்பில் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் வால்டர் உல்பிரிக்ட், “சுவர் கட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை” என்றார். கேள்வி கேட்டவர் சுவர் என்ற சொல்லையே எடுக்கவில்லை. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை, ஊர் தூங்கி எழுந்தபோது தெருக்களின் குறுக்கே முள்வேலி. அப்புறம் கான்கிரீட் கற்கள்.

பெர்னவர் தெருவில் நிலைமை விசித்திரமாக இருந்தது. ஒரு பக்க வீடுகள் கிழக்கு பெர்லினைச் சேர்ந்தவை, அவற்றின் வாசல் நடைபாதையோ மேற்கு பெர்லினுக்குச் சொந்தம். வாசலைத் தாண்டிக் காலை வைத்தால் வேறு நாடு. முதலில் வாசல்களை அடைத்தார்கள். மக்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். கீழே மேற்கு பெர்லின் தீயணைப்பு வீரர்கள் வலை பிடித்து நின்றார்கள். ஆகஸ்ட் 22 அன்று 58 வயதுப் பெண்மணி ஒருவர் மெத்தைகளைக் கீழே போட்டுவிட்டு மூன்றாம் மாடியிலிருந்து குதித்தார். பிழைக்கவில்லை. பிறகு ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

இன்னொரு விதியையும் இங்கே சொல்ல வேண்டும், பின்னால் இது முக்கியமாகும். 1961 ஆகஸ்ட் 23-க்குப் பிறகு மேற்கு பெர்லின்வாசிகள் கிழக்கே போக முடியாது. ஆனால் வெளிநாட்டவரும், மேற்கு ஜெர்மனியின் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும் பகலில் போய்வரலாம். அதாவது சுவரில் ஓட்டை இருந்தது. யாருடைய காகிதம் அதில் நுழையும் என்பதுதான் கேள்வி.

தொடங்கியவர்கள்

மேற்கு பெர்லினில் படித்துக்கொண்டிருந்த இத்தாலிய மாணவர்கள் இருவர். கூடப் படித்த ஜெர்மன் நண்பர் ஒருவர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் கிழக்கே மாட்டிக்கொண்டார். இத்தாலியக் கடவுச்சீட்டு இருந்ததால் இவர்கள் அவரைப் போய்ப் பார்த்து வர முடிந்தது. கூட்டி வரத்தான் முடியவில்லை. போலிக் கடவுச்சீட்டு, காரில் ஒளித்துக் கொண்டுவருதல் என்று அப்போது புழக்கத்தில் இருந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டிருந்தன. கைக்குழந்தையோடு வேலி தாண்டுவது நினைத்தே பார்க்க முடியாத காரியம். மண்ணுக்கு அடியில் போவது என்று முடிவு செய்தார்கள். இருவருக்கும் சுரங்கம் தோண்டிய அனுபவம் கிடையாது.

இவர்களோடு மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவர் பொறியியல் மாணவர். சுவர் எழும்பிய சில வாரங்களில் நண்பர் ஒருவரோடு இரவில் வயல்வெளியில் தவழ்ந்து, ஓடை கடந்து மேற்கே வந்தவர். தப்பி வந்தவர் மறுபடி ஏன் அந்தப் பக்கம் தலை நீட்ட வேண்டும் என்று கேட்கலாம். மாட்டினால் மற்றவர்களைவிட அவருக்குத்தான் தண்டனை கடுமையாக இருந்திருக்கும். பின்னாளில் அவர் பல பேட்டிகள் கொடுத்திருக்கிறார். அவற்றைப் படித்த அளவில், சாகசம் பாதி, எரிச்சல் பாதி என்றுதான் எனக்குப் படுகிறது. இன்னொருவர் கிழக்கில் ஏற்கெனவே அரசியல் காரணத்துக்காகச் சிறையில் இருந்தவர். தங்கை கிழக்கிலிருந்து வெளியே வரும்வரை தாடியை எடுப்பதில்லை என்று சபதம் போட்டிருந்தார். இனி அவரைத் தாடிக்காரர் என்றே சொல்கிறேன்.

இடம் தேடுவது தோண்டுவதைவிடக் கஷ்டம். பெர்லின் மண்ணில் பல இடங்களில் நிலத்தடி நீர் மிக மேலே இருக்கும். இரண்டு ஆள் ஆழம் போவதற்குள் தண்ணீர் வந்துவிடும். பெர்னவர் தெருப் பகுதி கொஞ்சம் மேடு, நீர்மட்டம் தாழ்வு, மண்ணும் களிமண். தாங்கு மரம் கொடுத்தால் கூரை நிற்கும். அதே தெருவில், சுவரைப் பார்த்தபடி, மதுக் கோப்பையில் போட்டுக் கலக்கும் பிளாஸ்டிக் குச்சிகள் செய்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. போரில் பாதி இடிந்த கட்டடம், உள்ளே நிறையக் காலி இடம். ஜாஸ் இசைக்குழு ஒத்திகைக்கு இடம் வேண்டும் என்று உரிமையாளரிடம் கதை விட்டார்கள். அவரும் கிழக்கிலிருந்து தப்பி வந்தவர். கதையை நம்பவில்லை, சாவியைக் கொடுத்தார்.

1962 மே மாதம் ஓர் இரவில் அந்தத் தொழிற்சாலையின் நிலவறைத் தரையை உடைத்தார்கள்.

மண்ணுக்குள்

சுரங்கத்தின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆள் நிமிர முடியாது, உட்கார்ந்து மண்வெட்டியை வீசவும் முடியாது. மல்லாந்து படுத்து, மண்வாரியின் மேல் விளிம்பில் இரண்டு காலையும் வைத்து எதிரே உள்ள களிமண்ணுக்குள் உந்தித் தள்ளினார்கள். பெயர்ந்த கட்டியைக் கையால் அள்ளிப் பக்கத்தில் நிற்கும் சிறு வண்டியில் போட வேண்டும். வண்டியில் கயிறு கட்டியிருக்கும். மறுமுனையில் இருப்பவர் இழுத்துக் கொட்டிவிட்டு வண்டியைத் திருப்பி விடுவார். மண்ணை வெளியே கொண்டுபோனால் கண்ணில் படும் என்பதால் தொழிற்சாலைக்குள்ளேயே அறை அறையாக நிரப்பினார்கள். கூரைக்கும் பக்கங்களுக்கும் மரத் தாங்கல்.

போகப் போகக் காற்று போதவில்லை. பொறியியல் மாணவர் இங்கேதான் தன் படிப்பைக் காட்டினார். அடுப்புப் புகைபோக்கிக் குழாய்களை ஒன்றோடொன்று செருகி நீட்டி அதன் வழியே காற்றை ஊதவிட்டார். மின்விளக்கு மாட்டினார், வண்டியை இழுக்க மோட்டார் பொருத்தினார், உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் பேச ராணுவக் களத் தொலைபேசி வைத்தார். சாகசக் கதைகளில் இந்தப் பகுதியை இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். ஆனால் நான்கு மாத வேலையில் பெரும்பகுதி இதுதான்.

ஆள் பற்றாக்குறையால் மேலும் மாணவர்களைச் சேர்த்தார்கள். அங்கேதான் இரண்டாவது கவலை தொடங்கியது. புதிதாக வருகிறவன் யார்? ஸ்டாசி என்கிற கிழக்கு ஜெர்மனி உளவுத்துறைக்கு மேற்கு பெர்லினிலும் ஆட்கள் உண்டு. வந்து சேர்ந்த ஒருவர் மேல் முதலில் பலத்த சந்தேகம் இருந்தது. மனைவியோடு சேர்ந்து தப்ப முயன்றபோது இவர் மட்டும் மேற்கே வந்துவிட்டார், கர்ப்பிணியான மனைவி பிடிபட்டுவிட்டார். நல்ல கதை. உளவாளிக்கும் இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. விசாரித்துப் பார்த்து, கடைசியில் நம்பிச் சேர்த்துக்கொண்டார்கள்.

பணம் மூன்றாவது கவலை. மரம், இரும்பு, மோட்டார் எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசி அப்போது பெர்லினில் சுரங்கக் கதை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. அமைப்பாளர்கள் மூன்று பேர் அதனோடு ஒப்பந்தம் போட்டார்கள். நிறுவனம் பணம் கொடுக்கும், பதிலுக்குத் தோண்டுவதைப் படம் எடுக்கலாம். தோண்டிக்கொண்டிருந்த மற்றவர்களிடம் இந்தப் பண விஷயத்தைச் சொல்லவில்லை. ரகசியம் காக்கிறோம் என்ற காரணம் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. அப்படியும் இந்த முடிவைப் பற்றிக் கடைசியில் மறுபடி பேச வேண்டியிருக்கிறது.

முதல் கசிவு

எல்லையை நெருங்கும் நேரத்தில் சுரங்கத்துக்குள் தண்ணீர் வந்தது. முதலில் ஈரம், அப்புறம் சொட்டு, அப்புறம் ஓட்டம். நிலத்தடி நீர் என்றால் திட்டம் அத்தோடு முடிந்தது. பார்த்தால், தெருவுக்கு அடியில் போகும் குடிநீர்க் குழாய் உடைந்திருந்தது. குழாய் மேற்குப் பக்கம். இரவும் பகலும் பம்பு போட்டு இறைத்தார்கள், போதவில்லை. மேற்கு பெர்லின் குடிநீர்த் துறைக்குத் தெரியப்படுத்தி, அவர்கள் வந்து குழாயைச் சரிசெய்தார்கள். சுரங்கம் காயும்வரை சில வாரங்கள் வேலை நின்றது.

நல்ல முடிவு என்றே சொல்வேன். ரகசியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து சுரங்கத்தைக் காப்பாற்றினார்கள். சிக்கல் அடுத்த முடிவில் வந்தது.

கை சும்மா இருந்த நாட்களில், நகரின் தெற்கே கீஃப்ஹோல்ட்ஸ் தெருவில் வேறொரு குழு தோண்டி ஏறக்குறைய முடித்திருந்த சுரங்கம் பற்றிச் செய்தி வந்தது. தப்ப விரும்புகிறவர்களின் பெயர்ப்பட்டியல் தயார், நாள் குறித்தாகிவிட்டது. உள்ளே போய்க் கடைசித் தரையை உடைக்க அனுபவமுள்ள ஆட்கள் வேண்டும். தாடிக்காரரும் பொறியியல் மாணவரும் இன்னொருவரும் ஒப்புக்கொண்டார்கள். காத்திருக்கும் மக்களுக்காகத்தான் போனார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தச் சுரங்கத்தில் யார் யாருக்கு என்ன தெரியும் என்று இவர்களில் ஒருவரும் சோதிக்கவில்லை. தங்கள் சுரங்கத்துக்குப் புதிய ஆள் வந்தால் துருவித் துருவிக் கேட்டவர்கள், அடுத்தவர் சுரங்கத்துக்குள் கேட்காமல் நுழைந்தார்கள்.

ஆகஸ்ட் 7

அந்தக் குழுவில் தூது வேலைக்கு வந்து சேர்ந்தவர்களில் மேற்கு பெர்லினைச் சேர்ந்த முடிதிருத்துபவர் ஒருவர் இருந்தார். முந்தைய ஆண்டு எல்லையில் சாமான் கடத்திப் பிடிபட்டவர். மிரட்டியும் ஆசைகாட்டியும் ஸ்டாசி அவரைத் தன் ஆளாக்கியிருந்தது. நாள், நேரம், இடம் எல்லாம் அவர் வழியாக மறுபக்கம் போய்ச் சேர்ந்தது.

1962 ஆகஸ்ட் 7. கிழக்கே குறித்த வீட்டை நோக்கிக் குடும்பங்கள் வரத் தொடங்கின. சாதாரண உடையில் நின்ற ஆட்கள் அவர்களை வந்த வரிசையிலேயே பிடித்தார்கள். அதே நேரம் அந்த வீட்டின் வரவேற்பறைத் தரைக்கு அடியில் மூவரும் பலகையை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே ஏறி அறைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். ஆயுதத்தோடு காத்திருந்த படையினருக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு கதவுதான். வந்தவர்களிடமும் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்ததால் படையினர் கூடுதல் ஆட்களுக்காகக் கொஞ்சம் தாமதித்தார்கள். அந்தத் தாமதத்தில் மூவரும் மறுபடி துளைக்குள் இறங்கித் தவழ்ந்து மேற்கே வந்து சேர்ந்தார்கள்.

இவர்கள் பிழைத்தார்கள், மேலே பிடிபட்டவர்களுக்குச் சிறை. அவர்களில் மாணவர் ஒருவரும் உண்டு. தன் வருங்கால மனைவியை மேற்கே கொண்டுவர வேண்டும் என்பதற்காகவே தூது வேலைக்கு ஒப்புக்கொண்டவர். அவரும் கைதானார், அந்தப் பெண்ணும் கைதானார்.

பத்து நாள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்று, 18 வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் சுவரைத் தாண்ட ஓடியபோது சுடப்பட்டார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுவரின் காலடியில், இரு பக்கமும் மக்கள் பார்க்கப் பார்க்க, ரத்தம் வடிந்து இறந்தார். அந்த மாதம் சுரங்கத்தை விட்டுவிடுவோம் என்று யாராவது சொல்லியிருந்தால் குறை சொல்ல முடியாது. தொழிற்சாலைக் குழு திரும்பவும் தோண்டப் போனது.

இரண்டாவது கசிவும் இடம் மாற்றமும்

இப்போது தோண்டுவது கிழக்கு மண்ணுக்குள். தலைக்கு மேலே தெரு, தெருவில் எல்லைக் காவலர்கள். நிலத்துக்கடியில் சத்தம் கேட்கிறதா என்று ஸ்டாசி கருவி வைத்துக் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பேச்சு நின்றது, வேலை மெதுவானது.

செப்டம்பரில் மறுபடி தண்ணீர். இந்த முறை யாரிடமும் சொல்லிச் சரிசெய்ய வழியில்லை, கசிவது கிழக்குப் பக்கம். முதலில் போட்ட திட்டப்படி இன்னும் ஒரு தெரு தாண்டி, ரைன்ஸ்பெர்கர் தெருவில் ஒரு வீட்டு நிலவறையில் வெளிவர வேண்டும். அங்கே போய்ச் சேர்வதற்குள் சுரங்கம் மூழ்கிவிடும். அதற்கு முன்னால் இருந்தது ஷோன்ஹோல்சர் தெரு. எல்லைக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே காவலர் நடமாட்டம் அதிகம்.

மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, கைவிடுவது. இரண்டு, தண்ணீர் வற்றும் என்று நம்பிக் காத்திருப்பது. மூன்று, காவல் அதிகமுள்ள தெரு என்று தெரிந்தே ஷோன்ஹோல்சரில் மேலே வருவது, அதுவும் சில நாட்களுக்குள். மூன்றாவதைத் தேர்ந்தார்கள். தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. காவலர் எப்போது வருவார் என்பதை ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கலாம், நேரம் குறிக்கலாம். இந்தத் தேர்வில் அவர்களின் கணக்கு சரியாக இருந்தது என்பது என் கருத்து.

மேலே வருவதில் இன்னொரு அபாயம் உண்டு. கணக்கில் ஐந்து மீட்டர் பிசகினால் நடுத்தெருவில் தலை நீட்ட வேண்டியிருக்கும். வரைபடத்தை வைத்துத்தான் கணக்கு. தரையைத் துளைத்தார்கள், நிலவறைதான். பொறியியல் மாணவர் கள்ளச்சாவிக் கொத்தோடு ஏறி, கதவைத் திறந்து, வீட்டு எண்ணை உறுதி செய்துகொண்டார்: ஷோன்ஹோல்சர் தெரு 7.

தூது

தெருவும் எண்ணும் தெரிந்துவிட்டன. கிழக்கே காத்திருப்பவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது? தொலைபேசி கிடையாது, கடிதம் பிரிக்கப்படும். ஆள்தான் போக வேண்டும். ஆகஸ்ட் 7-க்குப் பிறகு போக யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் இத்தாலிய மாணவர்களில் ஒருவரின் காதலி முன்வந்தார். மேற்கு ஜெர்மனியின் கடவுச்சீட்டு வைத்திருந்தவர். அவரால்தான் சட்டப்படி கிழக்கே போய்வர முடியும்.

ஆகஸ்டில் கற்ற பாடம் இந்த ஏற்பாட்டில் தெரிகிறது. தப்ப வருகிறவர்கள் முன்கூட்டியே வீட்டுக்குப் போய்க் காத்திருக்கக் கூடாது. அந்தப் பகுதியில் இருக்கும் வெவ்வேறு மதுக்கூடங்களில் வாடிக்கையாளர்களைப் போல உட்கார்ந்திருப்பார்கள். தூது போன பெண் முதலில் சுவருக்கு அந்தப் பக்கம், மேற்கே உள்ள ஒரு ஜன்னலைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துணி தொங்கினால் எல்லாம் சரி. பிறகு ஒவ்வொரு மதுக்கூடமாகப் போய் முன்பே பேசிவைத்த ஒரு சாதாரணக் காரியத்தைச் செய்ய வேண்டும். அதைப் பார்த்ததும் அங்கே இருப்பவர்கள் எழுந்து சிறு சிறு கூட்டமாக ஷோன்ஹோல்சர் தெருவுக்கு நடக்கலாம். யாரும் யாரோடும் பேசத் தேவையில்லை, இன்னார் என்று தெரியவும் தேவையில்லை.

1962 செப்டம்பர் 14, வெள்ளிக்கிழமை மாலை. ஜன்னலில் வெள்ளைத் துணி. ஒரு மதுக்கூடத்தில் அவர் தீப்பெட்டி வாங்கினார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அதுதான் சைகை. இன்னொன்றில் காபி கேட்க வேண்டும். கேட்டார். காபி தீர்ந்துவிட்டது.

அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. அவர்கள் காதில் விழ வேண்டியது காபி என்ற சொல். கொடுத்தால்தான் சைகையா, கேட்டாலே சைகையா என்று யாரும் பேசி வைக்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? காபிகூட இல்லையா என்று எல்லோருக்கும் கேட்கும்படி சலித்துக்கொண்டார். காபி, காபி என்று அந்தச் சொல் கூடத்தில் சுற்றியது. பிறகு ஒரு கோன்யாக் வாங்கிக்கொண்டார். உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரிந்தது.

நூலகத்தில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்புறம் ஒரு நொடி அமைதியாகிவிடுவார்கள்.

வந்தவர்கள்

முதலில் வந்து சேர்ந்தது இத்தாலியர்களின் நண்பர் குடும்பம், எதற்காகத் தோண்டத் தொடங்கினார்களோ அதே குடும்பம். அந்தப் பெண்மணி நல்ல உடை உடுத்தி வந்திருந்தார். தெருவில் நடக்கும்போது சந்தேகம் வரக் கூடாது, வெளியே போனால் மாற்றுத் துணியும் கிடையாது. குழந்தையைத் தோண்டியவர்களில் ஒருவர் வாங்கிக்கொள்ள, அவர் ஈரக் களிமண்ணில் முழங்காலிட்டுத் தவழ்ந்தார். தூரம் 120 மீட்டருக்கு மேல். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. மேற்குப் பக்கம் ஏணியில் ஏறி வந்தபோது காலுறை கிழிந்திருந்தது, காலில் செருப்பு இல்லை. மேலே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மேல்படியில் அவர் நிலைகுலைந்து சாய்ந்ததும் அங்கிருந்தவர்கள் தாங்கிப் பிடித்தார்கள்.

தாடிக்காரரின் தங்கை குழந்தையோடு வந்தார். சந்தேகப்பட்டுச் சேர்த்துக்கொண்டார்களே, அந்த ஆளின் மனைவியும் வந்தார். கையில் குழந்தை. சிறைப்பட்டபோது வயிற்றில் இருந்த பிள்ளையை அவர் முதன்முதலாகப் பார்த்தது அந்த நிலவறையில்தான்.

மறுநாள் தண்ணீர் கூடிக்கொண்டே வந்தது. உள்ளே நுழைய முடிந்தவரை ஆட்களைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளில் 29 பேர். அதற்குள் சுரங்கம் நிரம்பிவிட்டது.

பின்விளைவுகள்

என்பிசி எடுத்த படம் அக்டோபர் இறுதியில் வெளியாக வேண்டியது. கியூபா ஏவுகணை நெருக்கடி குறுக்கே வந்தது. அமெரிக்க அரசே வெளியிட வேண்டாம் என்று அழுத்தம் கொடுத்தது. கடைசியில் டிசம்பர் 10 அன்று ஒளிபரப்பானது, மறு ஆண்டு எம்மி விருதும் வாங்கியது. பணம் கைமாறியது தெரிந்ததும் தோண்டியவர்களில் பலர் கொதித்தார்கள். உயிரைப் பணயம் வைத்தவர்கள் எல்லோரும், ஒப்பந்தம் போட்டவர்கள் மூன்று பேர். அந்த மனக்கசப்பு பல ஆண்டுகள் தீரவில்லை.

தாடிக்காரர் சபதம் முடித்துத் தாடியை எடுத்தார், ஆனால் வேலையை விடவில்லை. பத்தாண்டுக் காலம் ஆட்களைத் தப்புவிப்பதையே தொழிலாகச் செய்தார்.

அதே பெர்னவர் தெருவிலிருந்து 1964 அக்டோபரில் வேறொரு குழு தோண்டிய சுரங்கத்தில் 57 பேர் வந்தார்கள். அங்கே துப்பாக்கிச் சூடு நடந்து 21 வயது எல்லைக் காவலர் ஒருவர் இறந்தார். தப்ப உதவியவர்களே கொன்றார்கள் என்று கிழக்கு ஜெர்மனி பல ஆண்டுகள் சொல்லிவந்தது. ஜெர்மனி இணைந்த பிறகு கோப்புகள் திறந்தபோதுதான் உண்மை தெரிந்தது. தப்ப உதவியவர் சுட்டதில் அவர் காயப்பட்டார். உயிரைப் பறித்தது இருட்டில் சக காவலர் சுட்ட குண்டு. பெர்லின் சுவருக்கு அடியில் எழுபதுக்கும் மேற்பட்ட சுரங்க முயற்சிகள் நடந்தன. வெற்றி பெற்றவை இருபதை ஒட்டித்தான். அவற்றின் வழியே வந்தவர்கள் சுமார் 300 பேர்.

முடிதிருத்துபவர் விஷயம் முழுதாக வெளிவந்தது 1992-இல் ஸ்டாசி கோப்புகளை மக்கள் படிக்க அனுமதித்த பிறகு. எந்தக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்பதெல்லாம் அறிக்கையாகத் தட்டச்சாகியிருந்தது.

பொறியியல் மாணவர் பற்றி ஒன்று பாக்கி. சுரங்கத்தை விட்டுக் கடைசியாக வந்தவர்களில் அவரும் ஒருவர். சேற்றில் ஏதோ தட்டுப்பட, எடுத்துப் பார்த்தால் கைக்குழந்தையின் சிறு காலணி ஒற்றை. யாருடையது என்று அப்போது தெரியாது, வைத்துக்கொண்டார். அந்த இத்தாலியர்களின் நண்பர் தம்பதி பிற்காலத்தில் மணவிலக்குப் பெற்றார்கள். பத்தாண்டு கழித்து அந்தப் பெண்மணியைப் பொறியியல் மாணவரே மணந்தார். காலணி அவர் மகளுடையது.

எதை மாற்றியிருக்கலாம்

முதலாவது, ஆகஸ்ட் 7. அடுத்தவர் சுரங்கத்துக்குக் கை கொடுத்தது தவறு என்று சொல்ல மாட்டேன். போகுமுன் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம்: இடமும் நேரமும் மொத்தம் எத்தனை பேருக்குத் தெரியும், அவர்களில் கடைசியாகச் சேர்ந்தவர் யார்? பதில் திருப்தியாக இல்லையென்றால் நாளைத் தள்ளிப்போடச் சொல்லியிருக்கலாம். செப்டம்பரில் தப்பி வருகிறவர்களுக்கு வீட்டு எண்ணைக் கடைசி வரை தெரிவிக்காமல் வைத்த அதே முறையை ஆகஸ்டில் அந்தக் குழுவும் கையாண்டிருந்தால், முடிதிருத்துபவருக்குத் தெரிந்திருக்கக்கூடியது ஒரு மதுக்கூடத்தின் பெயர் மட்டும்.

இரண்டாவது, தொலைக்காட்சிப் பணம். வாங்கியதில் எனக்குக் குறை இல்லை, அது இல்லாமல் மரமும் மோட்டாரும் வந்திருக்காது. வேலை நடக்கும்போது மறைத்ததும் சரி. எல்லோரும் பத்திரமாக மேலே வந்த மறுநாளே உட்கார்ந்து கணக்கைச் சொல்லியிருக்க வேண்டும். வேறு வழியாகத் தெரிந்துகொள்ளும்வரை விட்டதில்தான் நட்புகள் உடைந்தன.

மூன்றாவது, சைகை. காபி தீர்ந்துபோகும் என்று யாரும் யோசிக்கவில்லை. கிழக்கு பெர்லினில் 1962-இல் காபி தட்டுப்பாடு ஒன்றும் புதிதல்ல. அந்தப் பெண்ணின் சமயோசிதம் கைகொடுத்தது. கடையில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்த ஒன்றைச் சைகையாக வைத்திருக்கவே கூடாது. தீப்பெட்டியிலும் அதே சிக்கல் உண்டு. கையில் கொண்டுபோகிற ஒரு பொருளோ, மேசை மேல் வைக்கிற கைக்குட்டையோ போதுமாயிருந்திருக்கும். அந்த மாலை அவர் பதற்றத்தில் “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருந்தால், அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் கடை மூடும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.